முதல் இருபது நிமிடத் தண்ணீர்

காலை 6.25. கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினேன். பொன்னேரிக்கு டிக்கெட் பத்து ரூபாய். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டரை அங்குல கேட் வால்வு ஒன்று, பைப் ரெஞ்ச் இரண்டு, டெஃப்லான் டேப் நான்கு சுருள், வீட்டம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம். ஊர் பார்க்கப் போகிறவன் மூட்டை இப்படி இருக்காது என்று எனக்கும் தெரியும். நான் ஊர் சுற்றுகிற ஆள் இல்லை. தண்டையார்பேட்டையில் பைப்புக் கடை வைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அதைப் பூட்டிவிட்டு நான் போன இடங்கள் திருப்பதியும் சம்பந்தி வீடும்தான். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு என்பதால் கிளம்பினேன்.

கிளம்ப வைத்தது ஒரு பெண். பெயர் அமுதா. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற ஒரு மீனவர் குப்பத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர். குப்பத்தின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் எனக்குச் சோறு போட்டவர்கள், அமுதா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். ஒரு மாதம் முன்பு, தேய்ந்துபோன வால்வுத் தண்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்து, வாஷர் போட்டால் போதுமா, முழுசாக மாற்றணுமா என்று கேட்டார். முழுசாகத்தான் என்றேன். போன வாரம் போன் செய்தார். தொட்டித் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, ஊரில் ஒரு பழைய போர்வெல் இருக்கிறது, அந்தப் போர் உப்பு, அதைத் தொட்டித் தண்ணீரோடு கலந்து விடுகிறேன் என்று என்மேல் பழி போடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஊர்க்கூட்டம், வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றார். அழவெல்லாம் இல்லை. போருக்கும் தொட்டிக்கும் நடுவில் இருக்கிற வால்வு கசிகிறதோ என்னவோ, நீங்களே வந்து புதுசு மாட்டித் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். வரேன்மா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

எண்ணூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் புகைபோக்கிகள், சாம்பல் மேடு, உப்பளம். இந்தப் பக்கத்துக் கடலிலிருந்துதான் உப்பை எடுத்துவிட்டு நல்ல தண்ணீராக்கி வடசென்னைக்கு அனுப்புகிறார்கள். எங்கள் தெருக் குழாயில் வருவதிலும் ஒரு பங்கு அதுதான் என்பார்கள். மீஞ்சூரில் பாதிப் பெட்டி காலியாயிற்று. அனுப்பம்பட்டில் ஏறி எதிரே உட்கார்ந்த அம்மா ஒருவர் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ரெஞ்சைப் பார்த்துவிட்டு, எங்கே போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"அங்கியா? குடிக்கத் தண்ணி பொன்னேரிலியே வாங்கினு போங்க. அங்க போய்க் கேக்காதீங்க, இல்லனு சொல்ல அவுங்களுக்கும் கஷ்டமா இருக்கும்" என்றார்.

இதைவிட மரியாதையாக ஓர் ஊரின் நிலைமையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பொன்னேரியில் இறங்கி இரண்டு பாட்டில் வாங்கினேன்.

காலை 7.40. பழவேற்காடு பஸ். பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். கொஞ்ச தூரம் நெல் வயல், பம்புசெட்டு ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் தளதளவென்று போகிறது. அரைமணி நேரத்தில் வயல் தீர்ந்து கருவேலமும் களிமண்ணும் வந்தன. பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு டீ குடித்தேன். நல்ல டீ. வீடு திரும்பும் வரை பாலோடு கிடைத்த கடைசி டீ அதுதான். படகுத்துறைக்குப் போனால், கூடை கூடையாக இறால் இறங்குகிறது, அதே படகுகளில் இருபது லிட்டர் கேன் தண்ணீர் ஏறுகிறது.

அமுதாவின் கொழுந்தன் மாரி படகோடு காத்திருந்தார். முப்பது வயதிருக்கும். ஒல்லி, ஆனால் கேன் தூக்குவதைப் பார்த்தால் ஒல்லி என்று சொல்ல மனசு வராது. மூன்று வருஷம் முன்பு கடலுக்குப் போன அமுதாவின் கணவர் திரும்பவில்லை. அவரோடு பிறந்தவர் இவர் ஒருவர்தான். அண்ணி அண்ணி என்று வாய் நிறையச் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல முடியாது.

காலை 8.40. நாற்பது நிமிஷப் படகுப் பயணம். ஏரி ஆழமே இல்லை. பல இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு. வழியெல்லாம் கழி நட்டு வளைத்துக் கட்டிய வலைகள். அதைச் சுத்து வலை என்கிறார்கள். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவர் நாளைக்கு வேறு இடத்துக்கு நகர வேண்டும். சண்டை வராமல் இருக்கப் பெரியவர்கள் செய்த ஏற்பாடு. மாரி இதைச் சொன்னபோது, எங்கள் தெருவில் கார் நிறுத்தவும் இப்படி ஒரு சீட்டு இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

குப்பத்தில் எழுபது வீடு. கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவில் ஐந்நூறு அடி மணல். மூன்று அடிபம்பு இருந்தன. ஒன்றில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள், மற்ற இரண்டுக்குக் கைப்பிடி இல்லை. மூன்றும் உப்பு. ஊருக்கு வரும் குடிநீர் ஏரிக்கு அந்தப் பக்கம், மேற்குக் கரையில், வயல்காட்டில் உள்ள ஒரு போரிலிருந்து வருகிறது. கறுப்புக் குழாய் ஏரிக்கு அடியில் சேற்றில் புதைந்து வந்து இங்கே மேல்நிலைத் தொட்டியில் ஏறுகிறது. தொட்டியிலிருந்து ஆறு தெருக்குழாய். குழாயடியிலும் பாடுதான். இன்றைக்கு முதலில் பிடித்த வரிசை நாளைக்குக் கடைசி. வீட்டுக்கு நாலு குடம்.

அமுதாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். இடுப்பில் தொட்டி வால்வின் சாவி, ஒரு முழ நீளம், செருகிய அரிவாள் மாதிரி. வந்த உடனே டீ கொடுத்தார். வரட்டீ. பால் டீ குடிக்கிற ஆள் நான் என்று முகத்தில் தெரிந்ததோ என்னவோ,

"பால் ஊத்துனா திரிஞ்சு போவுதுண்ணா. பருப்பு வேவ மாட்டுது. ரெண்டு மாசமா இப்டிதான்" என்றார்.

முதலில் வேலையை முடிப்போம் என்று பழைய போரின் லைனில் புது வால்வை மாட்டினேன். ஒரு மணி நேரம் பிடித்தது. துருப்பிடித்த நட்டு என் விரலைக் கிழித்துவிட்டது. ஆனால் கழற்றிய பழைய வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது கசியவே இல்லை. தண்டுதான் தேய்ந்திருந்தது, உள்ளே தட்டு இறுக மூடியே இருந்தது. அதன் வழியாகத் தொட்டிக்கு ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் போயிருக்க வழியில்லை. போனிலேயே நாலு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். வால்வு விற்கிறவன் வால்வைத்தான் யோசிப்பான்.

காலை 10.50. அமுதாவின் போனில் ஒரு மிஸ்டு கால் வந்தது. மேற்குக் கரையில் மோட்டார் போடுகிறவர் போட்ட உடனே ஒரு ரிங் விடுவார். எடுக்கக் கூடாது. அதுதான் சேதி. முன்பெல்லாம் ரிங் வந்து இருபத்தைந்து நிமிஷத்தில் தண்ணீர் இங்கே வந்துவிடுமாம். இப்போது நாற்பது நிமிஷம் ஆகிறது. அவர் சொன்னதும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 11.32க்குக் குழாய் கனைத்தது.

தண்ணீரை அவர் தொட்டியில் ஏற்றவில்லை. ஒரு கிளைக் குழாயைத் திறந்து மணலில் விட்டார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு, அதோடு சேற்று நாற்றம். ஐந்து நிமிஷம் கழித்தும் அப்படியே. பதினைந்தாவது நிமிஷம் கொஞ்சம் தேவலை. இருபதாவது நிமிஷம் கிட்டத்தட்ட நல்ல தண்ணீர். அப்போதுதான் தொட்டிக்குத் திருப்பினார். ஒவ்வொரு நாளும் இப்படி இருபது நிமிஷத் தண்ணீரை மணலில் விடுகிறார். அப்படியும் ஒரு கரிப்பு தங்கத்தான் செய்கிறது. குடத்தோடு நிற்கிற ஊருக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? தொட்டி நிரம்புவதில்லை, கடைசிக் குழாய்க்கு வருவதில்லை, இந்தப் பெண் பிள்ளை நல்ல தண்ணீரை மணலில் கொட்டிவிட்டுப் போரைக் கலக்கிறாள் என்று பேச்சு. வீட்டுக்குள் கூப்பிட்டுக் காட்டினார். பிளாஸ்டிக் பாட்டில்கள் வரிசையாக. ஒவ்வொன்றின் மேலும் தாள் ஒட்டி, முதல் நிமிஷம், பத்தாவது நிமிஷம், இருபதாவது நிமிஷம் என்று எழுதி வைத்திருந்தார். எட்டாவது வரை படித்தவராம். என் கடைக்கு வரும் சூப்பர்வைசர்களில் ஒருவரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஏரிக்கு அடியில் குழாய் எங்கேயோ ஓட்டை. மோட்டார் ஓடும்போது அந்த ஓட்டை நல்ல தண்ணீரை ஏரியில் துப்பும். மோட்டார் நின்றதும் ஏரியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதலில் வருவது ஏரி. அமுதாவிடம் சொன்னேன். அவர் பாட்டில்களை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, நாலு மணிக்குள் அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார்.

மதியம் 12.15. அமுதா தொட்டியடியில் நிற்க, மாரியும் நானும் அவர் படகில் போனோம். மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் தோது. தொட்டிக்கும் மேற்குக் கரையில் மோட்டார் இருக்கிற பக்கம் தெரிந்த ஒற்றைப் பனைக்கும் நேராகப் போகச் சொன்னேன். குழாய் புதைத்த நாளில் அதன் தடம் தெரியச் சிவப்புத் துணி கட்டிய மூங்கில்கள் நட்டிருந்தார்களாம். ஒரு புயலில் போயிற்று. மறுபடி யாரும் நடவில்லை. பாதி ஏரி தாண்டியதும் ஒரு வலை வளைவு வந்தது. அதைச் சுற்றிச் சின்ன மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. மாரியின் முகம் மலர்ந்துவிட்டது. இதுதான் இப்போது ஏரியிலேயே ராசியான இடம் என்றார். ரெண்டு மாசமாக இங்கே பாடு விழுந்த வீடெல்லாம் இறாலும் மடவை மீனும் அள்ளுகிறார்களாம். மற்ற இடத்தில் கால் கூடைகூடத் தேறாத நாளில் இங்கே மட்டும் இரண்டு கூடையாம். அம்மன் கண் திறந்தாள் என்று ஊரில் பேச்சு.

நான் குனிந்து கையால் தண்ணீரை அள்ளி வாயில் வைத்தேன். பத்தடி தள்ளி மறுபடி வைத்தேன், அங்கே உப்பு பாதிகூட இல்லை. பிறகு மாரியையும் வைக்கச் சொன்னேன். அவர் வைத்தார், துப்பினார். மறுபடி வைத்தார், துப்பவில்லை. லுங்கியை அவிழ்த்துப் போட்டுவிட்டு இறங்கினார். கழுத்தளவுத் தண்ணீர். மூன்று தடவை முங்கினார். மூன்றாவது தடவை எழுந்தபோது சொன்னார், ஒரு கழி குழாய்க்குள் இறங்கி நிற்கிறது, பக்கத்தில் கட்டைவிரல் நுழைகிற இன்னொரு ஓட்டை, தண்ணீர் ஜில்லென்று கையில் அடிக்கிறது என்று.

வலைக்கழியை ஊன்றிக் குத்தியதில் தங்கள் குடிநீர்க் குழாயைத் தாங்களே குத்தியிருக்கிறார்கள். நல்ல தண்ணீருக்கு மீன் கூடியிருக்கிறது. மீன் கூடியதால் மறுபடி மறுபடி அங்கேயே குத்தியிருக்கிறார்கள். வீட்டில் பருப்பு வேகவில்லை, ஏரியில் அம்மன் கண் திறந்தாள். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஒரு துள்ளல். அமுதாவின் வேலை பிழைத்தது என்று நினைத்தேன்.

மாரி படகில் ஏறி உட்கார்ந்து துவட்டிக்கொள்ளாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

"சார், நாளைக்கி இங்க எம் பாடு. ரெண்டு மாசமா இதுக்குத்தான் குந்தினுகீறேன். ஒரே ஒரு நாளு. நாளன்னைக்கி நானே சொல்றேன்."

கூட்டம் இன்றைக்கு நாலு மணிக்கு, உங்கள் அண்ணி நிற்கப் போகிறார் என்றேன். அவர் படகைத் திருப்பினார். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை, கரையில் அமுதா கேட்டபோதும் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றேன். அவர் படகில்தான் நான் திரும்ப வேண்டும் என்பதும் என் புத்திக்கு எட்டியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

சாயங்காலம் 4.00. கோயில் எதிரே பந்தல். ஆண்கள் தரையில் வட்டமாக. பெண்கள் பின்னால், குழாயடிப் பக்கம், குடத்தோடு. அமுதா நடுவில் இல்லை, ஓரமும் இல்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் வயசானவர், பொறுமையாகத்தான் பேசினார். போர்த் தண்ணீரைக் கலந்தாய் என்கிறார்கள், தினம் மணலில் விடுகிறாய், இதை நாங்களே பார்த்தோம், என்ன சொல்கிறாய் என்றார். நான் எழுந்தேன். வெளியாள் பேசக் கூடாது, கூட்டி வந்தவர் பேசட்டும் என்றார்கள். எல்லாரும் மாரியைப் பார்த்தார்கள்.

மாரி தலை குனிந்தபடி மணலில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நான் சாமி கும்பிட்டேன், பொய்யில்லை. பிறகு எழுந்து, இடத்தைச் சொன்னார், கழியைச் சொன்னார், ஓட்டையைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் கழி என்று ஒருவர் கேட்டார். கேட்டவரே வாயை மூடிக்கொண்டார். அங்கே கழி ஊன்றாத வீடு எது? ஊன்றாதவர்கள் என்றால், இந்தச் சுற்றில் இன்னும் பாடு வராத பதினோரு வீடு. அந்தப் பதினோரு பேரின் முகத்தைப் பார்த்தேன். மாரியின் முகத்தில் மத்தியானம் பார்த்தது அங்கே பதினோரு முகத்தில் இருந்தது. அவர்களில் ஒருவர் எழுந்து, எல்லாரும் அள்ளியாச்சு, எங்களுக்கு மட்டும் குழாயை அடைச்சுட்டா அது பாடு இல்லையே என்றார். நியாயமான கேள்வி. அதுதான் கொடுமை. அந்த ஊரின் மொத்த நியாயமும் அந்த முறையில்தான் நிற்கிறது.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். அமுதா மேல் குற்றம் இல்லை, வேலை அவருக்கே.

"சுத்து முடியட்டும். முடிஞ்சதும் அடைக்கலாம். அதுவரைக்கும் ஒரு சொட்டு மணல்ல விடக் கூடாது. வர்றது அத்தினியும் தொட்டிக்கு ஏத்து" என்றார்.

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, அடங்கிற்று. அந்தப் பதினோரு வீட்டுப் பெண்களும் அங்கேதான் நின்றிருந்தார்கள்.

சாயங்காலம் 5.15. அமுதா தொட்டியடிக்குப் போனார். நானும் பையை எடுக்கப் போனேன். சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, மணலில் விடும் கிளைக் குழாயை இறுக மூடினார். என்னிடமிருந்து ரெஞ்சை வாங்கி இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

"செய்யாத வேலைக்கு ரெண்டு மாசம் திட்டு வாங்கினேண்ணா. இன்னிலேர்ந்து அந்த வேலையதான் பாக்கச் சொல்றாங்க" என்றார்.

வால்வுக்குக் காசு எடுத்து நீட்டினார், வாங்கவில்லை. என் பையில் மிச்சமிருந்த ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துவிட்டு வரப் பார்த்தேன், அவர் வாங்கவில்லை. கடைசியில் ஒன்று சொன்னார். குழாய் அடைத்த அன்றைக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாராம். எடுக்க வேண்டாமாம். பார்த்தால் போதுமாம்.

திரும்பும் படகில் மாரி அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார். ஒரே ஒரு தடவை, "சொல்லிட்டேன்ல சார்" என்றார். சொன்னீங்க என்றேன். உண்மையைச் சொன்னதில் அவருக்கு ஒன்றும் நஷ்டமில்லை, நாளைக்குப் பாடு அவருடையதுதான். ஆனால் சொல்ல எழுந்தபோது அது அவருக்குத் தெரியாது. அதனால் அவரை வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

இரவு எட்டரைக்கு வீடு. கை கழுவக் குழாயைத் திறந்தேன், வந்தது. எந்தக் கடலில் உப்பெடுத்ததோ, எந்த ஊரைத் தாண்டி வந்ததோ, கேட்காமலே வந்தது. வீட்டம்மா டீ போட்டுக் கொடுத்தாள். பால் திரியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், ஆறிப்போனதுக்குத் திட்டினாள்.

மறு வாரம் ஒரு குடிநீர் அலுவலகத்தில் போய் எழுதிக் கொடுத்தேன். ஊரிலிருந்து மனு வரட்டும் சார் என்றார்கள். ஊர் மனு கொடுக்காது என்று எனக்குத் தெரியும். பதினோரு பாடு முடியப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றிருந்தார்கள். மாதம் இரண்டாயிற்று. போன வாரம் மாரிக்குப் போன் போட்டேன். சுத்து முடிந்துவிட்டதாம். அந்தக் கடைசிப் பதினோரு வீட்டுக்கு முன்பு போல மீன் படவில்லையாம், அதனால் அவர்கள் இன்னொரு நாள் கேட்டார்களாம். அவர்களுக்கு உண்டென்றால் எங்களுக்கும் வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டார்களாம். புதுச் சுற்றுக்குச் சீட்டுப் போட்டாயிற்று.

அண்ணி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தொட்டியடியில் இருக்கிறார் என்றார்.

கடையில் போன் ஒரு ரிங் அடித்து நின்றால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு எண்ணைப் பார்க்கிறேன். யாரோ ரீசார்ஜ் கம்பெனி, யாரோ பிளம்பர். எடுக்காமல் வைத்துவிடுகிறேன்.